மூன்றில் இரண்டு பங்கு

தையல்காரர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். பெண்டாட்டியை வீட்டுக்கு வரவழைத்தே தீருவது! கெஞ்சிப் பார்த்தாயிற்று. முறைத்துக்கொண்டும் பார்த்தாயிற்று. இனிமேல் கணக்குதான்.

அவர் மனைவி தூரத்து ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வேலை கிடைத்தபோது, "எல்லாருமே போயிடலாங்க" என்றாள். "கடையை மூடிட்டு உன் பின்னாலயா?" என்று இவர் மீசையை முறுக்கினார். அவள் தனியாகப் போனாள். மீசையும் அன்றோடு தொங்கிப் போயிற்று. பெருமூச்சு விட்டுக்கொண்டே அளவெடுத்ததில் ஊரில் பாதிப் பேருக்குச் சட்டை தொளதொள. அவள் தலையணைக்கு இன்னும் பழைய உறைதான். துவைத்தால் அவள் வாசனை போய்விடுமே!

மகள் வாண்டு பாலர் பள்ளியில் படிக்கிறாள். "முழுசு எது, பங்கு எதுன்னு பாப்பாவுக்குப் பிடிபடலை. வீட்ல சொல்லிக்கொடுங்க" என்று டீச்சர் சொல்லி அனுப்பியிருந்தார். தையல்காரர் மேஜையில் பட்டன்களைக் கொட்டினார். அஞ்சு சிவப்பு, ரெண்டு வெள்ளை.

"சிவப்பு அதிகமா, பட்டன் அதிகமா?"

"சிவப்பு!"

"சிவப்பும் பட்டன்தானேடி?"

"ஆமா."

"வெள்ளை?"

வாண்டு யோசித்தாள். இரண்டு கையாலும் எல்லாவற்றையும் ஒரே குவியலாகக் கூட்டினாள். "அதுவும் பட்டன்! அப்ப பட்டன்தான் அதிகம்!"

அந்தக் குவியலைப் பார்த்ததும் தையல்காரருக்கு மூளையில் பொறி தட்டியது.

"இப்ப நம்ம குடும்பம். முழுசு எத்தனை பேர்?"

"மூணு."

"நீயும் நானும் இங்க. எத்தனை பங்கு?"

"மூணுல ரெண்டு."

"பெரிய பங்கு. அம்மா ஒரே பங்கு. சின்னப் பங்குதான் பெரிய பங்குகிட்ட வரணும். அம்மா கூப்பிட்டா இதை அப்படியே சொல்லணும், சரியா?"

சாயங்காலம் வீடியோவில் அம்மா வந்தாள். வாண்டு ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தாள். தையல்காரர் கதவோரம் நின்று காதைத் தீட்டினார்.

நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நல்லா கத்துக்கிட்டியேடா கண்ணு! இப்ப அம்மா ஒண்ணு கேக்கறேன். அம்மாகிட்ட வர யாருக்கு ஆசை?"

"எனக்கு!"

"நீங்க இங்க வரணும்னு எனக்கும் ஆசை. எத்தனை பங்காச்சு?"

"மூணுல ரெண்டு!"

"அப்ப அப்பா?"

"சின்னப் பங்கு!"

"சின்னப் பங்கு என்ன பண்ணணும்?"

"பெரிய பங்குகிட்ட வரணும்! அப்பாதான் சொன்னாரு!"

தையல்காரர் பாய்ந்து வந்தார். "இந்தா, இது கணக்குப் பாடம்! எலெக்‌ஷன் இல்ல!"

"நீங்க போட்ட கணக்குதாங்க. விடை மட்டும் நான் சொன்னேன்."

"கடை?"

"ஆஸ்பத்திரி எதிர்லயே ஒரு எடம் பேசி வெச்சிருக்கேன். ஜன்னல்ல நின்னா உங்க மெஷின் தெரியும்." அவள் குரல் இறங்கியது. "ஒத்தையா சாப்பிட முடியலீங்க."

அவருக்கும் முடியவில்லைதான். சொல்லிவிடுவாரா என்ன? முகத்தை உம்மென்று திருப்பிக்கொண்டு அலமாரிப் பக்கம் போனார். "அதெல்லாம் அவசரப்பட முடியாது. நான் யோசிக்கணும்!" என்று அங்கிருந்தே அதட்டினார்.

வாண்டு போனை அவர் பக்கம் திருப்பினாள்.

"அம்மா, அப்பாவோட வாய் மட்டும்தான் யோசிக்குது. மிச்சப் பங்கெல்லாம் பெட்டியை இறக்கிடுச்சு!"