யூதாசின் அடியில் ஒரு சொல்

பதினொரு பேர் இருந்தார்கள். யூதாசைக் காணோம்.

பிலோமின்ராஜ் மறுபடியும் எண்ணினார். பேதுரு, அந்திரேயா, யாக்கோபு, யோவான் என்று சின்ன வயதில் மறைக்கல்வி வகுப்பில் மனப்பாடம் செய்த அதே வரிசையில், விரலை நீட்டி நீட்டி எண்ணினார். டிவிக்கு மேலே கண்ணாடி அலமாரியில் பதினொரு பீங்கான் சீடர்கள் பளபளவென்று நின்றார்கள். பன்னிரண்டாவது ஆள் நின்ற இடத்தில் ஒரு ஊதுவத்தி பாக்கெட் இருந்தது.

எந்தக் கத்தோலிக்க வீட்டிலும் யூதாசு காணாமல் போனால் யாரும் பதற மாட்டார்கள். பிலோமின்ராஜ் பதறினார். அதற்குக் காரணம் இருந்தது. அன்று காலையில்தான் அவர் பதினேழு வருஷம் சூளை பார்த்த பீங்கான் கம்பெனியில், முதலாளி தேவநாதன் மேஜை மேல் சாவியைப் போட்டு, "இனிமே உங்க சூளைக்கு நீங்களே காவல் இருங்க" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்திருந்தார். தேவநாதன் அப்படி ஒன்றும் கொடுமைக்காரர் இல்லை. லீவு கேட்டால் இரண்டு முறை யோசிப்பார், அவ்வளவுதான். ஆனால் பிட்காயின் ஏறு ஏறென்று ஏறியிருக்கும் நாளில் எந்த மனிதன் இன்னொருவனிடம் கைகட்டி நிற்பான்?

ஆமாம், பிட்காயின். பிலோமின்ராஜிடம் இருந்தது. விருத்தாசலத்தில் அந்த விஷயம் தெரிந்த ஒரே ஜீவன் பிலோமின்ராஜ்தான் என்பது பிலோமின்ராஜின் எண்ணம்.

ஐந்தாறு வருஷம் முன்னால் பெண்ணாடத்தில் அப்பா விட்டுப்போன இரண்டு தேக்கு மரங்களை விற்றார். மனைவி உபகாரமேரியிடம், மரம் புயலில் விழுந்துவிட்டது, பங்காளிகள் தூக்கிப்போய்விட்டார்கள் என்று சொன்னார். சொல்லும்போது கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். அந்தக் காசுதான் பிட்காயின் ஆனது. முதலில் ஒரு கம்பெனியின் ஆப்பில் வைத்திருந்தார். ஆதார் கேட்டான், பான் கேட்டான், கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்டச் சொன்னான். கட்டின பெண்டாட்டியைப் பார்த்தே கண் சிமிட்டாத மனுஷன், சிமிட்டினார். அப்புறம் ஒருநாள் "பராமரிப்புப் பணி" என்று போட்டு ஒரு வாரம் கடையைச் சாத்திவிட்டான். அந்த ஒரு வாரத்தில் அவருக்கு ஏறிய ரத்தக் கொதிப்பு இன்னும் முழுசாக இறங்கவில்லை.

அப்போதுதான் யூடியூபில் ஒருவர் புத்தி சொன்னார். அடுத்தவன் ஆப்பில் வைக்காதே, சொந்த வாலட்டில், அதாவது உன் போனிலேயே இருக்கும் பணப்பையில் வை. வாலட் பன்னிரண்டு ஆங்கிலச் சொல் கொடுக்கும். போன் போனாலும் அந்தச் சொற்கள் இருந்தால் காசு வரும்; சொற்கள் போனால் ஆண்டவரே வந்தாலும் வராது. போட்டோ எடுக்காதே. பேப்பரில் எழுதினால் கரையான் தின்னும், இல்லை வீட்டில் இருப்பவர்கள் பழைய பேப்பர்காரனுக்குப் போடுவார்கள். யாரிடமும் சொல்லாதே, முக்கியமாக உறவுக்காரர்களிடம்.

பிலோமின்ராஜ் பீங்கான்காரர். ஆயிரத்து இருநூறு டிகிரியில் வெந்த பொருளைக் கரையான் என்ன, காலமே தின்ன முடியாது என்பது அவருக்குத் தெரியும். சூளைக்குப் போகக் காத்திருந்த பன்னிரண்டு சீடர் பொம்மைகளை எடுத்தார். பச்சை மண்ணாக இருக்கும்போதே ஒவ்வொன்றின் அடியிலும் ஊசியால் ஒரு சொல்லைக் கீறினார். வரிசைக்கு வேதாகமமே சாட்சி. முதல் சொல் பேதுருவுக்கு, கடைசிச் சொல் யூதாசுக்கு. வெந்து வந்ததும் காசு கொடுத்து வாங்கி வீட்டு அலமாரியில் நிறுத்தினார். உலகத்தில் எந்த பேங்க்குக்கு இப்படிப் பன்னிரண்டு காவலர்கள்?

நாலு மாசம் முன்னால் அவர் போன் களிமண் கூழ்த் தொட்டியில் விழுந்து செத்தபோதுகூட அவர் சிரித்தார். புதுப் போனில் வாலட்டை உடனே போடவும் இல்லை. தினம் தினம் திறந்து பார்ப்பவன் பணக்காரன் ஆவதில்லை என்று யூடியூப்காரர் சொல்லியிருந்தார். இன்றைக்கு விலை உச்சத்துக்குப் போனது, வேலையை விட்டார், வாலட்டைத் திறக்க வீட்டுக்கு வந்தார்.

"ஏய் மேரி!"

உபகாரமேரி சமையலறையிலிருந்து வந்தாள். அதே கம்பெனியில் பொம்மைகளுக்குக் கிளேஸ் என்கிற பளபளப்புப் பூச்சு பூசும் பிரிவில் பதினாலு வருஷம் வேலை பார்த்தவள். இடுப்பு வலி என்று இரண்டு மாசமாகப் போவதில்லை. காலையில் மட்டும் வைத்தியத்துக்குப் போய்வருவாள்.

"என்னாங்க, இந்நேரத்துல வந்துட்டீங்க?"

"அதை வுடு. இங்க இருந்த யூதாசு எங்க?"

"யூதாசா? எந்த வூட்டுலங்க யூதாசை வெச்சிக் கும்புடுறாங்க?"

"கும்புடச் சொன்னனா? பன்னெண்டு பேரு இருந்தாத்தான் செட்டு!"

"அவன் செத்தப்புறம் மத்தியாவைச் சேத்துக்கிட்டாங்கள்ல? நீங்க ஒரு மத்தியாவை வார்த்துக் கொண்டாங்க. செட்டு சரியாப் பூடும்."

பிலோமின்ராஜுக்கு மூக்கு சிவந்தது. ஒரு மனுஷன் தன் வீட்டில் தன் காசில் வாங்கிய துரோகியை வைத்துக்கொள்ள உரிமை இல்லையா?

"ஃபாதர் கேட்டாரு மேரி. கோயில்ல ஏதோ கண்காட்சியாம்."

"ஃபாதர் யூதாசை மட்டும் கேட்டாரா? இருங்க, போன் போட்டுக் கேக்கிறேன். மீதிப் பதினொண்ணும் வேணுமான்னு தெரிஞ்சிக்கலாம்."

"வேணாம் வேணாம்! ஃபாதரு பூசையில இருப்பாரு."

"பதினோரு மணிக்கு என்னா பூசைங்க?"

"ஏன் இப்புடிக் குறுக்கால கேள்வி கேக்கிற? அது நான் ஆசையா வாங்கின பொம்மை. அவ்வளவுதான்!"

உபகாரமேரி முந்தானையில் கையைத் துடைத்தபடி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "பேதுருவை ஆசையா வாங்கலையா? யோவானை வாங்கலையா? யூதாசு மேல மட்டும் என்னாங்க அவ்வளவு பாசம்? வேற எதனா சொல்லணுமா எங்கிட்ட?"

"ஒண்ணும் இல்ல!"

"அப்பச் சரி. எதிர்வூட்டு அன்புக்கரசி கேட்டுச்சு, குடுத்துட்டேன்."

பிலோமின்ராஜ் செருப்பைக்கூட ஒழுங்காகப் போடாமல் எதிர்வீட்டுக்குப் பாய்ந்தார்.

அன்புக்கரசி வீட்டுச் சாமி மாடத்தில், வெங்கடாசலபதி படத்துக்கும் முருகனுக்கும் நடுவில், யூதாசு நின்றுகொண்டிருந்தார். நெற்றியில் பட்டை. நடுவில் குங்குமம். கழுத்தில் ஒரு முழம் கதம்பம். முன்னால் விளக்கு எரிந்தது. முப்பது வெள்ளிக்காசு வாங்கிய மனுஷனுக்கு வாழ்நாளில் கிடைக்காத மரியாதை.

"வாங்கண்ணே. நம்ம சித்தரைப் பாக்க வந்தீங்களா?" என்றாள் அன்புக்கரசி.

"சித்தரா?"

"தாடியும் அங்கியுமா, கையில திருநீத்துப் பை வெச்சிருக்காரே, தெரியலியா? இவரு வந்த நாள்லேர்ந்து எனக்கு முட்டிவலி இல்லைண்ணே."

"அது திருநீத்துப் பை இல்லம்மா! காசுப் பை! இவன் சித்தனும் இல்ல, சாமியும் இல்ல. கூட இருந்தே காட்டிக்குடுத்த பய!"

அன்புக்கரசியின் முகம் மாறிவிட்டது. "வெள்ளிக்கிழமையும் அதுவுமா பெரியவங்களை அப்புடிப் பேசாதீங்கண்ணே. நாக்கு வெந்துபூடும்."

"சரி, பேசல. ஒரே ஒரு நிமிஷம் தூக்கி அடியில பாத்துட்டு வெச்சிடறேன்."

"சாமியை யாராவது தலைகீழாப் புடிப்பாங்களா? அதுவுமில்லாம தூக்கவும் முடியாது. டைல்ஸ் பசை போட்டு ஒட்டியாச்சி. உபகாரமேரி அக்காதான் பசையும் குடுத்து, நல்லா அழுத்தி ஒட்டுன்னாங்க."

பிலோமின்ராஜ் மாடத்தைப் பார்த்தார். யூதாசு அவரைப் பார்த்தார். அந்தக் கேடுகெட்ட பொம்மை சிரிப்பது மாதிரியே இருந்தது. உடைத்து எடுக்கலாம் என்றால், மேல் பாகம்தான் உடையும், கீறியிருக்கும் அடித்தட்டு பசையோடு கல்லில்தான் நிற்கும். அந்தப் பசையின் வலு அவருக்குத் தெரியாததா?

வீட்டுக்கு வந்து வாசல்படியில் உட்கார்ந்து போனை எடுத்தார். பதினொரு சொல்லையும் போட்டுப் பார்த்தார். வாலட் முடியாது என்றது. பன்னிரண்டாவதாக ஆப்பிள் போட்டார், எலிஃபண்ட் போட்டார், அம்ப்ரெல்லா போட்டார். மூன்றாம் வகுப்பில் படித்த ஆங்கிலம் முழுவதையும் போட்டுத் தீர்த்தார். முடியாது, முடியாது, முடியாது. இதற்குள் விலை கொஞ்சம் இறங்கியிருந்தது. வேலையில்லாத மனிதனின் கண்ணெதிரில் விலை இறங்கலாமா? உலகத்தில் நியாயம் என்று ஒன்று கிடையாதா?

பிட்காயின்காரர்கள் கூடிப் பேசும் ஒரு குழுவில் போய், "ஒரு சொல் காணவில்லை, உதவுங்கள்" என்று எழுதினார். ஒரு நிமிஷம் ஆகவில்லை, "வாலட் சேவை மையம்" என்று ஒரு அழைப்பு வந்தது. கரண்ட் ஆபீசுக்குப் பத்துத் தரம் போன் போட்டாலும் எடுக்காத நாட்டில் இப்படி ஒரு சேவையா என்று பிலோமின்ராஜுக்குக் கண் கலங்கியது. தேன் மாதிரிக் குரல். கவலையே வேண்டாம் சார், பதினொரு சொல்லையும் வரிசையாக அனுப்புங்கள், பன்னிரண்டாவதை எங்கள் கம்ப்யூட்டர் கண்டுபிடித்துவிடும் என்றது.

யாரிடமும் சொல்லாதே என்று யூடியூப்காரர் சொன்னது நினைவுக்கு வந்தது. முக்கியமாக உறவுக்காரர்களிடம் என்றுதானே சொன்னார்? இவர் உறவுக்காரர் இல்லையே! அனுப்பிவிட்டார்.

அரை மணி நேரத்தில் அதே நம்பரிலிருந்து போன். குரலில் தேன் இல்லை.

"யோவ்! என்னய்யா ஆளு நீ?"

"என்னா சார்? கெடச்சிதா?"

"கெடச்சிது. தொறந்தும் பாத்தாச்சி. உள்ள ஒத்தப் பைசா இல்ல. வெறும் வாலட்டைக் குடுத்து அரை மணி நேரப் பொழப்பைக் கெடுத்துட்டியே, உனக்கெல்லாம் மனசாட்சியே கெடையாதா? நாங்களும் புள்ளகுட்டிக்காரங்கதான்யா!"

"சார், நீங்க சேவை மையம்…"

"ரெண்டு மாசத்துக்கு முன்னாலேயே மொத்தத்தையும் எவனோ எடுத்துட்டான். காலியானதுன்னு சொல்றதுக்கென்ன? ஏமாத்துக்காரப் பய!" போன் வைக்கப்பட்டது.

திருட வந்தவனிடமே திட்டு வாங்கிய முதல் மனிதராக பிலோமின்ராஜ் எழுந்து நின்றார். வேலையும் இல்லை, காசும் இல்லை. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

"மேரி! மோசம் போயிட்டோம்! எவனோ நம்ம காசைத் திருடிட்டான்! போலீசுக்குப் போவணும்!"

"எந்தக் காசுங்க?"

"தேக்கு மரத்துக் காசு!"

"புயல்ல விழுந்துச்சே, அந்த மரமா? சித்திரை மாசத்துல அடிச்ச புயலு."

உபகாரமேரி ஒரு சொம்பு தண்ணீரைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள்.

"குடிங்க. போலீசு வேணாம். எடுத்தது நான்தான்."

"நீயா? உனக்கு எப்புடி…"

"ஏங்க, சூளைக்குப் போற ஒவ்வொரு பொம்மைக்கும் அடியில கிளேஸைத் துடைச்சாத்தானே பலகையில ஒட்டாம வரும்? அதைத் துடைக்கிறது யாரு?"

பிலோமின்ராஜ் யோசித்தார். பதினாலு வருஷமாக ஈரப் பஞ்சை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பொம்மையின் அடியையும் துடைத்தது உபகாரமேரி. இவர் உலகத்தில் வேறு எங்கே எழுதியிருந்தாலும் அவள் கண்ணில் பட்டிருக்காது.

"பேதுரு அடியில சிக்கன்னு இருந்துச்சு. பாவம், சேவல் கூவினதை நெனச்சி எழுதியிருக்காருன்னு வுட்டுட்டேன். கடைசியில யூதாசைத் திருப்பினா ‘வைஃப்’புன்னு எழுதியிருக்குது! எனக்கு எப்புடி இருந்திருக்கும்?"

"ஐயோ, அது ஆப் குடுத்த வார்த்தை மேரி! நான் எழுதல!"

"அதைத்தான் பிரின்சி சொன்னா." பிரின்சி அவர்கள் மகள், சிதம்பரத்தில் பி.காம். படிக்கிறாள். "இது ஏதோ வாலட்டுச் சாவிம்மான்னா. நீங்களா சொல்லுவீங்கன்னு வருஷக்கணக்கா பாத்தேன். ரெண்டு மாசம் முன்னால பிரின்சியை வெச்சி என் பேருல மாத்தி வித்துட்டேன். யூதாசைக் காணாம்னா எங்கிட்ட வந்துதானே ஆவணும், அப்பவாவது உண்மை வருமான்னு எதிர்வூட்டுல ஒட்டி வெச்சேன். காலையில மூணு தடவை கேட்டேன். ஃபாதரைக்கூட இழுத்தீங்க."

"மொத்தமும் இருக்குதா?"

"முப்பது பர்சென்ட்டு வரிக்கு எடுத்து வெச்சாச்சி."

"முப்பதா!" பிலோமின்ராஜ் துள்ளினார். அன்று காலையிலிருந்து பட்ட ஆத்திரம் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்தது. "யாரைக் கேட்டு எடுத்து வெச்ச? நாம என்னா திருடினமா?"

"வரி கட்டாம வுட்டா நோட்டீஸு உங்களுக்கா வரும்? எனக்கு வரும். மீதியில நம்ம கம்பெனி இருக்கிற தொழிற்பேட்டையிலேயே ரெண்டாவது தெருவுல பூட்டிக் கெடந்த ஷெட்டை வாடகைக்கு எடுத்திருக்கேன். பழைய சூளை ஒண்ணு வாங்கிப் போட்டாச்சி. அதைப் பாக்கத்தான் தெனம் காலையில போறேன், இடுப்புக்கு ஒண்ணுமில்ல. கிறிஸ்மஸ் குடிலுக்கு முந்நூறு செட்டு ஆர்டரும் வந்திருக்குது."

கோபப்பட இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பிலோமின்ராஜ் தேடிப் பார்த்தார். கிடைக்கவில்லை. மெல்ல வாசல்படியில் உட்கார்ந்தார்.

"மேரி… நான் இன்னிக்கி வேலைய வுட்டுட்டேன்."

"தெரியும். தேவநாதன் சார் போன் பண்ணாரு." உபகாரமேரி காலிச் சொம்பை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "சூளைக்கு ஆளு தேடிட்டுத்தான் இருந்தேன். நாளைக்கு எட்டு மணிக்கு வந்துடுங்க. மொத மூணு மாசம் பயிற்சிச் சம்பளந்தான்."