சந்தனம் மணந்த கிராபிக்ஸ் கார்டு

உலகத்தில் யார் நன்றாக இருந்தாலும் எனக்குச் சந்தோஷம்தான். என் சகலை நன்றாக இருந்தால் மட்டும் சோறு இறங்காது. ஒரே வீட்டில் பெண் எடுத்த ஒரே காரணத்துக்காக ஆயுள் முழுக்க அந்த ஆளோடு ஒரே தராசில் நிற்க வேண்டியிருக்கிறதே, அந்த வயிற்றெரிச்சல் சகலை உள்ளவர்களுக்குத்தான் புரியும். (இல்லாதவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.)

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் நடந்தது இது. நாங்கள் வில்லாபுரத்தில் குடியிருந்தோம். என் மாமனார் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டத் தெரியாது. அப்படிப்பட்டவர் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் கார் ரேஸ் விளையாடக் கற்றுக்கொண்டு அதற்கு அடிமையாகிவிட்டார். ஞாயிற்றுக்கிழமையானால் காலை டிபனுக்கே வந்துவிடுவார். மூத்த மாப்பிள்ளை என்ற முறையில் எனக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. கம்ப்யூட்டருக்கு வயதாகிவிட்டது என்பதைக்கூட நான் கவனிக்கவில்லை.

பசுமலையில் இருந்த சகலை அந்தச் சமயம் பார்த்துப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினார். அதில் கிராபிக்ஸ் கார்டு என்று ஒன்றைத் தனியாகப் போட்டிருந்தார். (படத்தைப் பளிச்சென்று காட்டுவதற்கென்றே ஒரு பலகை. அது இல்லாமலேயே நான் அதுவரை மானத்தோடு வாழ்ந்துகொண்டிருந்தேன்.) அடுத்த ஞாயிறு மாமனார் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தபோது அவரே காரணத்தைச் சொன்னார்.

"சின்ன மாப்ள வீட்ல ரோட்டுல தண்ணி தேங்கி நிக்கிறதுகூடத் தெரியுது மாப்ள. அந்தத் தண்ணிக்குள்ள மேகம் தெரியுது. உங்க வீட்ல அது ரோடா தோசைக்கல்லானே சந்தேகமா இருக்கும்."

அதற்குப் பிறகு இலையில் என்ன விழுந்தது என்று எனக்கு நினைவில்லை. பாயசத்தை வேண்டாம் என்று சொன்னது மட்டும் நினைவிருக்கிறது.

எந்தக் கார்டு வாங்கலாம் என்று சகலையிடமே கேட்டிருக்கலாம். மனுஷனுக்கு அதெல்லாம் அத்துப்படி. ஆனால் அவரிடம் கேட்பதற்கு வைகையில் குதிக்கலாம் என்று தோன்றியது. (அதில் தண்ணீர் இருந்தால்தானே.) யாருக்கும் தெரியாமல் டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு சந்துக்குள் இருந்த கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். என் கம்ப்யூட்டர் எம்புட்டுப் பழசு என்று கடைக்காரர் கேட்டார். பெண் பார்க்க வந்தவர்களிடம் வயதைக் குறைப்பதுபோல நானும் கொஞ்சம் குறைத்துச் சொன்னேன். அதற்கே அவர் உதட்டைப் பிதுக்கினார். 64 எம்.பி. கார்டே தாராளம், அதற்கு மேல் போட்டால் படம் நன்றாக இருக்கும், ஆனால் பழைய மிஷின் இழுக்காது என்றார்.

நல்ல யோசனைதான். ஆனால் நான் யோசனை கேட்டுப் போகவில்லையே. சகலையிடம் இருப்பது 128. நான் 64 வாங்கினால் பாதி மாப்பிள்ளை ஆகிவிடுவேன். 128 வாங்கினால் காப்பியடித்த மாப்பிள்ளை. ஆகவே 256 வாங்கினேன். அதில் இருந்த காற்றாடியும் மற்ற கார்டுகளில் இருந்ததைவிடப் பெரிது. அட்டைப்பெட்டியின் மேல் ஒரு பெண் வாளேந்தி நின்றாள். அவள் போட்டிருந்த கவசம் கைக்குட்டை அளவுக்குத்தான் இருந்தது.

மறுநாள் ஆயுத பூஜை. கார்டைப் பூஜையில் வைத்து, விஜயதசமியன்று மாமனாரையும் சகலை குடும்பத்தையும் சாப்பாட்டுக்கு அழைத்து, அவர்கள் கண் முன்னாலேயே மாட்டிக் காட்டுவது என் திட்டம். பெட்டியைப் பார்த்ததும் என் மனைவி வழியை மறித்தாள். "இந்தப் பொம்பளயக் கொண்டுபோயி சரஸ்வதிக்கு முன்னாடி வைக்கப் போறீகளா?"

அதனால் கார்டை வெளியே எடுத்து, பொரிகடலைக்குப் பக்கத்தில் ஒரு தட்டில் வைத்தேன். அரிவாள்மணை, மிக்ஸி, ஸ்கூட்டர் என்று வீட்டில் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாயிற்று. கார்டுக்கு எங்கே வைப்பது? மேலே காற்றாடி. சுற்றிலும் பொடிப்பொடியாக என்னென்னவோ. அடியில் மட்டும் சீப்புப் பல் போல வரிசையாகத் தங்க நிறத்தில் மின்னியது. மங்களகரமான இடம் அதுதான் என்று முடிவுசெய்து, சகலை மீது எவ்வளவு பொறாமை இருந்ததோ அவ்வளவு தாராளமாகச் சந்தனத்தை அப்பினேன். (கார்டு கம்ப்யூட்டரோடு பேசுவதே அந்தப் பற்கள் வழியாகத்தான் என்பது எனக்கு எப்படித் தெரியும்?)

விஜயதசமியன்று சாப்பாடு முடிந்ததும் மாமனார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். பூஜைச் சந்தனத்தைத் துடைக்க எனக்கு மனம் வரவில்லை. கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து, கார்டை அப்படியே வைத்து அழுத்தினேன். உள்ளே போக மறுத்தது. சகலை பார்த்துக்கொண்டிருந்ததால் மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னும் அழுத்தினேன். போய்விட்டது. சுவிட்சைப் போட்டேன். காற்றாடி ஜோராகச் சுற்றியது. திரை இருட்டாகவே இருந்தது. பெட்டிக்குள்ளிருந்து நீளமாக ஒரு கூவல், பிறகு குட்டிக் குட்டியாகக் கூவல்கள்.

"மாப்ள, இது ஆம்புலன்ஸ் ஓட்டுற கேமா?" என்றார் மாமனார். அவர் நிஜமாகவேதான் கேட்டார்.

அதுவரை ஓரமாக உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்த சகலை எழுந்தார். "அண்ணே, நான் ஒரு தடவ பாக்கட்டுமா?" அவர் அவ்வளவு மரியாதையாகக் கேட்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. புதுசு, சூடாக நேரமாகும் என்று சொல்லிப் பார்த்தேன். பெட்டி மறுபடி கூவியது. மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் நகர்ந்துகொண்டேன்.

அவர் கார்டை உருவினார். திருப்பிப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார்.

"என்னண்ணே, சந்தனம் மணக்குது?"

முதலில் சிரித்தது என் மனைவி. பிறகு வீடே சிரித்தது. குறுக்கெழுத்துப் போடுவதற்காகச் சட்டைப்பையில் எப்போதும் வைத்திருக்கும் ரப்பரை மாமனார் எடுத்து நீட்ட, சகலை அந்தப் பற்களைத் தேய்த்துத் தேய்த்துச் சுத்தம் செய்தார். பழைய டூத் பிரஷ்ஷால் பெட்டிக்குள்ளும் துடைத்துவிட்டு மாட்டினார். திரைக்கு உயிர் வந்தது. கார் ரேஸைப் போட்டார். ரோட்டில் தண்ணீர், தண்ணீருக்குள் மேகம். மேகத்தைச் சுற்றி ஒரு வெள்ளி விளிம்புகூடத் தெரிந்தது. அது சகலை வீட்டில் கிடையாது.

ஆனால் மாமனார் காரைக் கிளப்பியதும் கடைக்காரர் சொன்னது பலித்தது. மிஷின் இழுக்கவில்லை. கார் மாசி வீதியில் தேர் வருவதுபோல ஆடி அசைந்து போனது. சகலை கூரையைப் பார்த்தார். எனக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விட வேண்டும் போலிருந்தது. மாமனார் மட்டும் ஓட்டிக்கொண்டே இருந்தார். ஒரு சுற்று முடிந்ததும் திரும்பிப் பார்த்தார்.

"இதான் மாப்ள வேகம். பசுமலையில கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள செவுத்துல முட்டிருது. இங்க மேகத்தையும் பாத்துக்கிட்டு நிதானமாப் போகலாம்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை டிபனுக்கே வந்துவிட்டார். நான் இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டேன். அதன்பின் எந்த ஞாயிறும் அவர் பசுமலைப் பக்கம் போகவில்லை. ஜெயித்தது நான்தான். ஆனால் வீட்டுக்கு யார் வந்தாலும், "இது சின்ன மாப்ள சரி பண்ணிக் குடுத்த கம்ப்யூட்டரு" என்றுதான் அவர் காட்டுவார். அதைக் கேட்கும்போதெல்லாம் பழைய எரிச்சல் வயிற்றில் அதே இடத்தில் வந்து உட்காரும்.

சில வருடங்கள் கழித்து நான் நிஜமான கார் வாங்கினேன். கோயில் வாசலில் பூஜை போட்டு, பொட்டு வைக்கச் சந்தனக் கிண்ணத்தில் விரலை விட்டேன். மாமனார் சட்டைப்பையிலிருந்து ரப்பரை எடுத்து, பக்கத்தில் நின்ற சகலையின் கையில் கொடுத்தார்.