நான் குடிக்காத காளான் சூப்

காளான் வளர்க்கிறவனுக்கே காளான் பிடிக்காது என்றால் நம்புவீர்களா? எனக்குப் பிடிக்காது. வாசனை வந்தாலே வயிற்றைப் புரட்டும். கட்டிய மனைவியிடம்கூடச் சொல்லாமல் மறைத்து வைத்திருந்த ரகசியம் இது. கடைசியில் ஜவ்வாது மலையில், என் மாமனார் கண் செருகிச் சாய்ந்தபோது வெளியே வந்தது.

கல்யாணமான புதிதில், செங்கத்தில் வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டுச் சிப்பிக் காளான் வளர்க்க ஆரம்பித்தேன். மூன்று நாள் பயிற்சிதான். (அதற்குள் பாதி டாக்டர் ஆகிவிட்டேன்.) நார்ச்சத்து உண்டு, புரதம் உண்டு, கொழுப்பு குறைவு, சர்க்கரையைச் சட்டென்று ஏற்றாது என்று பார்ப்பவரிடமெல்லாம் ஒப்பிப்பேன். "நல்ல சாப்பாடுதான், ஆனா மருந்து இல்ல" என்றும் பயிற்சியில் சொன்னார்களாம். அப்போது நான் டீ குடிக்கப் போயிருந்தேன்.

மாட்டியவர் மாமா. புளி வியாபாரி, சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர், புது மாப்பிள்ளை பேச்சைத் தட்டாதவர். ஜவ்வாது மலைமேல் இருக்கும் புதூர்நாட்டிலிருந்து அவருடைய கூட்டாளி கோவிந்தன் பலாப்பழம் சாப்பிட மாமாவையும் என்னையும் என் மனைவியையும் கூப்பிட்டிருந்தார். கிளம்பும் அன்று காலையில், "இட்லி வேணாம் மாமா, இது ஒண்ணே போதும்" என்று ஒரு சொம்பு காளான் சூப்பை நீட்டினேன். மாத்திரையைப் போட்டு, சூப்பைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். பஸ் மாறி, ஜீப் பிடித்துப் போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது.

கோவிந்தன் வீட்டில் முறம் நிறையச் சுளைகள், பக்கத்தில் ஒரு கிண்ணம் மலைத்தேன். மாமா கையை நீட்டினார். நான் அந்தக் கையைப் பிடித்துவிட்டேன்.

"உங்களுக்கு இது விஷம் மாமா."

"ஒரே ஒரு சுளை, மாப்ள."

"கூடவே கூடாது." முறத்தையும் தேன் கிண்ணத்தையும் என் பக்கம் இழுத்துக்கொண்டு, நான் நாலு சுளை தின்றேன்.

ஐந்தாவது சுளையை எடுக்கும்போது மாமாவின் கை நடுங்குவதைப் பார்த்தேன். சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. "மாப்ள, கண்ண இருட்டுது" என்று குழறியபடி சுவரில் சாய்ந்தார்.

கோவிந்தன் என் பக்கம் திரும்பினார். "காலைல இன்னா சாப்ட்டாரு?"

"காளான் சூப்புங்க."

முறத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். மழைக்குப் பிறகு எந்தக் காளானைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று தெரிந்த வீடு அது.

"எங்க புடுங்கினது?"

"புடுங்கலீங்க. நானே வளத்தது."

"நீங்க குடிச்சீங்களா?" இதைக் கேட்டது என் மனைவி மலர்.

"இல்ல."

"ஏன்?"

"எனக்கு... காளான் புடிக்காது."

மலர் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. உண்மையிலேயே பயந்து போனேன். கொட்டகையில் தொங்கிய ஒவ்வொரு காளான் பையும் கண்முன் வந்தது. எந்தப் பையிலாவது பூசணம் பிடித்திருந்ததா? கல்யாணமாகி நாலு மாதம்தான் ஆகிறது, அதற்குள் மாமனாரைக் கொன்றுவிட்டேனா?

கோவிந்தனின் மகள் ஓடிப்போய், பக்கத்து வீட்டு நர்ஸம்மாவை அழைத்து வந்தாள். அவர் மாமாவின் விரலில் குத்தி, சர்க்கரை பார்க்கும் கருவியில் பார்த்தார்.

"சக்கர ரொம்ப எறங்கிடுச்சி. மாத்திர போட்டாரா?"

"போட்டாருங்க."

"இட்லி, சோறு எதுனா?"

"நான்தான் வேணாம்னேன்."

"மாத்திரையும் குடுத்து பட்டினியும் போட்டா இன்னா ஆவும்? காளான் மேல தப்பு இல்லங்க. உங்க மேலதான்." மாமாவிடம் குனிந்தார். "பெரியவரே, முழுங்க முடியுதா?" மாமா தலையாட்டினார். "அந்தத் தேன எடுங்க!"

கிண்ணம் என் பக்கத்தில்தான் இருந்தது. விஷம் என்று நான் தள்ளி வைத்ததை நானே ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டினேன். கால் மணி நேரம் ஆனது. பிறகு மாமா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"மாப்ள, அந்த மொறத்த இப்டி தள்ளுங்க."

எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மாமா இப்போதும் காளான் சாப்பிடுகிறார், இட்லியோடு, டாக்டரைக் கேட்டுக்கொண்டு. ஆனால் எங்கள் வீட்டில் சூப் வைத்தால் முதல் டம்ளர் எனக்குத்தான். ஒன்பது வருடமாக நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்க, குடும்பமே காலி டம்ளரோடு உட்கார்ந்து பார்க்கும். மாமா கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் காத்திருப்பார். பிறகு மலரிடம் டம்ளரை நீட்டுவார்.

"மாப்ள நல்லாத்தான் கீறாரு. ஊத்தும்மா."