ஹீட்டர் சந்தில் வைத்த இட்லி மாவு

இட்லி மாவு பொங்கியது குற்றம் என்று எந்த ஊரிலாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? என் மாவு பொங்கியதற்கு ஆறு பக்கத்துக்கு ரிப்போர்ட் எழுதினார்கள். எனக்கு அனுமதி கேட்க வாய் வராது, அதை ஒப்புக்கொள்கிறேன். மற்றபடி என் மேல் என்ன தப்பு?

தாம்பரம் தாண்டி ஒரு கம்பெனி டேட்டா சென்டர் கட்டிக்கொண்டிருந்தது. கம்பெனி வளர்ந்துவிட்டதாம், கம்ப்யூட்டர் வைக்க இடம் போதவில்லையாம். அதற்காக மூன்று மாடி, மாடி முழுக்க ஏசி. (பெரும்பாக்கத்தில் என் வீட்டு ஹாலில் ஐந்து பேர் படுக்கிறோம். எங்களுக்கு ஒரு மின்விசிறி, அதுவும் முக்கும்.) கட்டிட வேலை நடந்த ஒரு வருடமும் வாசல் ஓரத்துத் தகரக் கொட்டகையில் நான்தான் டிபன் போட்டேன்.

பிராஜெக்ட் மேனேஜர் தினேஷ் சார் ஒருநாள் தட்டோடு வந்து நின்றார். "நாளைக்குக் காலைல ஹெட் ஆபீஸ்லேர்ந்து செக் பண்ண வராங்கம்மா. டிபன் நல்லா இருந்தா உள்ள வரப்போற கேன்டீன் உங்களுக்குத்தான். நான் பேசுறேன்" என்றார். நான் தலையை ஆட்டினேன்.

அது டிசம்பர் மாதம், விடாத மழை. கொட்டகையில் ஈரக் காற்று. இரண்டு நாளாக மாவு எழும்பவே இல்லை, இட்லி கல்லாக வந்தது. நாளைக்கும் அப்படி வந்தால் கேன்டீன் போச்சு. சாயங்காலம் அரைத்த மாவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். செக்யூரிட்டி ஏகாம்பரம் வந்தான்.

"இன்னா ரோசம்மா, மாவுக்கு ஜெபம் பண்ணினுகீறியா?"

விஷயத்தைச் சொன்னேன்.

"இதுக்கா பேஜார் ஆவுற? உள்ள ஹீட்டர் ஓடிகினு கீது. பின்னால சந்துல நின்னா வேர்த்து ஊத்துது. அங்க வெச்சுடு."

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால், ஏசி தாங்குமா என்று பார்க்க, பெரிய பெரிய ஹீட்டர் பெட்டிகளை வரிசையாக வைத்துச் சூடு போடுகிறார்களாம். முதலில் சூடாக்கி, அப்புறம் அதையே குளிர வைக்கிற வேலை. அதற்குச் சம்பளம் வேறு.

"சாரைக் கேக்கணுமே" என்றேன்.

"கேளு. யாரு வாணான்னது?"

சார் ரூம் வாசல் வரை போனேன். போனில் பேசிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினேன். "கேட்டியா?" என்றான். "கேட்டேன்" என்றேன். (பாதி உண்மை. கேட்கத்தானே போனேன்.)

ஏகாம்பரம் ஒரு காது பிடிக்க, நான் ஒரு காது பிடிக்க, குண்டானைக் கொண்டுபோய் ஹீட்டர் சந்தில் வைத்தோம். வழக்கமாகப் பாதிக் குண்டான்தான் மாவு இருக்கும். அன்றைக்குப் பெரிய மனிதர்கள் வருகிறார்களே என்று கழுத்து வரை அரைத்திருந்தேன். நிம்மதியாக பஸ் ஏறினேன்.

காலையில் வந்தால் அந்தத் தெருவுக்கே கேட்கிற மாதிரி அலாரம். உள்ளே எல்லோரும் ஓடுகிறார்கள். தரையில் பதித்திருந்த பலகைகளைப் பெயர்த்துப் போட்டிருக்கிறார்கள். "எங்க லீக் ஆகுதுன்னு பாருங்கப்பா, எல்லா பைப்பையும் மூடுங்க" என்று தினேஷ் சார் கத்துகிறார். தரைக்கு அடியில் தண்ணீர் பட்டால் ஊளையிடுகிற ஒரு ஒயர் ஓடுகிறதாம். அது எனக்கு எப்படித் தெரியும்? ஒரு வருடம் உட்கார்ந்து பிளான் போட்டார்கள். கரண்ட் போனால் என்ன, ஜெனரேட்டரும் போனால் என்ன, வெள்ளம் வந்தால் என்ன என்று எல்லாவற்றையும் யோசித்தார்கள். மாவு வந்தால் என்ன என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

ஒரு இன்ஜினியர் பலகைக்கு அடியில் கையை விட்டு, விரலை முகர்ந்து பார்த்தார். "சார், புளிச்ச வாசனை வருது."

அந்த நேரம் பார்த்தா ஹெட் ஆபீஸ் ஆட்கள் தலையில் ஹெல்மெட்டோடு உள்ளே வரவேண்டும்? எல்லோரும் ஹீட்டர் சந்துக்குப் போனார்கள். குண்டான் மூடி ஒரு பக்கம் கிடந்தது. மாவு நுரைத்து, வழிந்து, தரையில் நடந்து, ஒயர் இறங்குகிற ஓட்டைக்குள் போய்க்கொண்டிருந்தது. தினேஷ் சார் என்னைப் பார்த்தார். ஏகாம்பரமும், என்னை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்ப்பது போல, என்னைப் பார்த்தான்.

மன்னிப்பு கேட்டிருக்கலாம். வாயைத் திறந்தேன்.

"நல்லா பொங்கியிருக்கு சார்" என்றேன்.

ஒரு வாரம் கழித்து ரிப்போர்ட் வந்தது. ஏகாம்பரம்தான் தமிழில் சொன்னான்: கம்ப்யூட்டர் வைக்கிற ஹாலுக்குள் அடையாளம் தெரியாத, உயிருள்ள வெள்ளைப் பொருள் கண்டெடுக்கப்பட்டது. அதைக் கொண்டுவந்தவருக்கு இனி கட்டிடத்துக்குள் அனுமதி இல்லை.

அடையாளம் தெரியாதாம். இட்லி அரிசி நாலு பங்கு, உளுந்து ஒரு பங்கு, கொஞ்சம் வெந்தயம். என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே. கேன்டீன் யாரோ ஒரு காண்ட்ராக்டருக்குப் போயிற்று. அங்கே டப்பாவில் அடைத்த பிரெட்டு விற்கிறார்களாம்.

இதை வீட்டில் போய்ச் சொன்னது அடுத்த தப்பு. இன்றைக்கும் என் மகன் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, "அம்மா, அந்த அடையாளம் தெரியாத பொருள்ல நாலு வை" என்கிறான். நாலு என்பான், எட்டு உள்ளே போகும். மருமகள் சட்னியை வைத்துக்கொண்டே, "பாத்துங்க, உயிரோட கீது" என்பாள்.  நான் மாவுக் குண்டானை எடுத்து உள்ளே வைத்துவிடுகிறேன், ஒன்பதாவது கிடையாது.