நூற்றுப் பன்னிரண்டு மூக்குக் கண்ணாடிகள்

தருமபுரி மாவட்டத்தில் ஓர் அரசு ஆஸ்பத்திரி. ஊர்ப் பெயர் வேண்டாம், பொல்லாப்பு. 1984-ஆம் ஆண்டில் அங்கே தற்கொலை முயற்சி என்று ஒரு கேஸ்கூட வரவில்லை. பதிவேடே சாட்சி.

அப்படி எழுதினால் போலீஸ் வரும், வழக்கு வரும். அரை உயிராகப் படுத்திருப்பவரைக் கோர்ட்டுக்கு வேறு இழுப்பானேன்? ஆகவே, 'இருட்டில் இருமல் மருந்து என்று நினைத்துப் பூச்சிமருந்தைத் தவறுதலாகக் குடித்துவிட்டார்' என்று எழுதிவிடுவார்கள். நர்ஸ் ரோசம்மாளும் ஆறு வருஷமாக அப்படித்தான் எழுதினார், இரக்கத்தோடு, அழகான கையெழுத்தில்.

மனநோயாளிகளைக் கவனிக்கத் தனிப் பயிற்சி எடுத்தவர் அவர். சாக நினைப்பவர்களுக்குப் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ள ஒரு வார்டும் இரண்டு நர்சுகளும் வேண்டும் என்று விண்ணப்பம் போட்டார். மேலிடம் பதிவேட்டை வரவழைத்து ஆழ்ந்து பரிசீலித்தது. ஒரே ஆண்டில் நூற்றுப் பன்னிரண்டு பேர் பாட்டிலை மாற்றிக் குடித்திருந்தார்கள். எனவே மேற்படி வட்டார மக்களுக்குக் கண்பார்வை கவலைக்கிடமாக உள்ளது என்று முடிவாயிற்று.

வார்டு வரவில்லை. மூக்குக் கண்ணாடி வந்தது, எண்ணி நூற்றுப் பன்னிரண்டு, எல்லாம் ஒரே பவர். கூடவே ஓர் உத்தரவு: கண்ணாடி பெற்றவரைக் கோளாறு நீங்கியவராகக் கருதி மறுநாளே வீட்டுக்கு அனுப்பவும். பழைய ஆட்கள் யாரும் வாங்க வராததால் புதிதாக வந்தவர்களுக்கு மாட்டினார்கள்.

அந்த வாரம் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்திலிருந்து காவேரி என்ற பெண் வந்தாள். வயது இருபத்திரண்டு. உயிர் தப்பிவிட்டது. மூன்றாம் நாள் கண்ணாடியோடு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவளுடைய அண்ணன், கண்ணுதான் சரியாயிடுச்சே என்று வண்டி பேசப் போய்விட்டான். ரோசம்மாள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததை முதல்முறையாகச் செய்தார்.

“காவேரி, சாகணும்னுதானே குடிச்ச?”

காவேரி சுவரிலிருந்து திரும்பினாள்.

“ஆமாங்க சிஸ்டர். மூணு நாளா எல்லாரும் கண்ணு தெரியுதான்னுதான் கேட்டாங்க.”

“இன்னும் அந்த நெனப்பு இருக்குதா?”

“வூட்டுக்குப் போன்னு சொன்னா வருதுங்க.”

ரோசம்மாள் பதிவேட்டை எடுத்து, 'தெரிந்தே குடித்தார். ஆபத்து நீங்கவில்லை. அனுப்பக் கூடாது' என்று எழுதினார். போலீஸ் வந்தால் தானே பேசிக்கொள்வதாகவும் காவேரியிடம் சொன்னார். ஆபீஸ் மேலாளர் முனிராஜ் பதறிக்கொண்டு வந்தார்.

“என்ன சிஸ்டர் இது? நம்மகிட்ட அந்த மாதிரி கேஸே கெடையாதுங்களே.”

“இருக்குதுங்க. அந்தக் கட்டில்ல படுத்திருக்குது. வந்து பாருங்க.”

“பதிவேட்டுல இல்லாதத நான் எப்படிங்க பாக்கறது?”

முனிராஜ் மேலிடத்துக்கு எழுதிக் கேட்டார். பதில் வரும்வரை, கடிதப் போக்குவரத்தில் உள்ள நோயாளியை அனுப்பக் கூடாது என்பது விதி. வண்டி வெறுமனே திரும்பியது. அரசாங்கத்தின் தாமதத்தை ரோசம்மாள் வாழ்க்கையில் முதல்முறையாக வாழ்த்தினார். பன்னிரண்டு நாள் அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்து காவேரி சொன்னதையெல்லாம் கேட்டார். அவளைத் தன் பொறுப்பில் வைத்துக்கொள்வதாகக் கடத்தூரிலிருந்து அவள் சித்தி வந்து சொல்லிவிட்டுப் போனாள்.

பதிமூன்றாம் நாள் பதில் வந்தது: 'நர்ஸ் ரோசம்மாள், “தவறுதலாக” என்று எழுத வேண்டிய இடத்தில் தவறுதலாக வேறொன்றை எழுதியுள்ளார். பார்வைக் குறைவே காரணம். அவருக்கும் கண்ணாடி ஒன்று வழங்கப்படுகிறது.'

ரோசம்மாள் அதை மாட்டிக்கொண்டு காவேரியின் முன்னால் போய் உட்கார்ந்தார்.

“சிஸ்டர், இதப் போட்டா என் மூஞ்சி தெரியுதுங்களா?”

“இல்ல.”

“எனக்கும் உங்களுது தெரியலீங்க” என்று காவேரி சிரித்தாள். வந்ததிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு.

ரோசம்மாள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பழைய பதிவேட்டைப் பிரித்தார். நூற்றுப் பன்னிரண்டு 'தவறுதலாக'. கண்ணாடி இல்லாமலே நன்றாகத் தெரிந்தது. பாதிக்கு மேல் அவருடைய அழகான கையெழுத்து.