பஞ்சுமேகத்தைக் காலி செய்த கதை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. ஆண்டவன் தயவில் இங்கே எல்லாரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் உன் வீட்டாரும் நலமாயிருக்க வேண்டும் என்று காலைப் பிரார்த்தனையில் முதல் பெயராக உன் பெயரைத்தான் சொல்லி வந்தேன். போன வாரச் செவ்வாய்க்கிழமையிலிருந்து கடைசிக்குத் தள்ளியிருக்கிறேன். காரணம் கீழே.

லீவில் வந்து எட்டு நாள் தங்கினாய். ஏழு நாள் தூங்கினாய். எட்டாம் நாள் எழுந்து, உன் அத்தானின் மெத்தைக் கடைக்குப் பெயர் சரியில்லை என்று கண்டுபிடித்தாய். “பஞ்சுமேகம்னு வச்சா எவன் மதிப்பான், அத்தான்? உலகத் தரத்துல இருக்க வேணாமா?” என்று கேட்டு, ஸ்லூமோனிக்ஸ் என்று ஒன்றைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறினாய். இருபத்தாறு வருஷமாக அந்தக் கடையில் என்ன விற்கிறது என்று யாரும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறார்கள். நேற்று ஒரு பெரியவர் போன் பண்ணி, “இதைச் சாப்பாட்டுக்கு முன்னாடி எடுத்துக்கணுமா, பின்னாடியாம்மா?” என்றார். “சாப்பிட்டு முடிச்சு, கீழே விரிச்சு, மேல படுத்துக்கணும் ஐயா”ன்னு சொன்னேன்.

பலகை மாறியதோடு போயிருந்தால் பொறுத்திருப்பேன். வலைத்தளத்தையும் புது முகவரிக்கு மாற்று என்றாயே, வினை அங்கேதான். பழைய முகவரி எங்கெல்லாம் அச்சாகியிருக்கிறது என்று நோட்டுப் போட்டுக் கணக்கெடுத்தேன்: மெத்தை ஓரத்துத் துணிச்சீட்டு, பில் புத்தகம், வண்டியின் பின்கதவு, ஊரில் பாதி வீட்டுக் காலண்டர், மொத்தம் முப்பத்தேழு இடம். தளம் போட்டுக் கொடுத்த கம்ப்யூட்டர்காரரும் போனில் படித்துப் படித்துச் சொன்னார்: “சார், பழசை ஒரு வருஷமாவது கையை விட்டுடாதீங்க. அங்க வர்றவங்களைத் தானாவே புதுசுக்குத் திருப்பி விட்டுடலாம்.” உன் அத்தான் தலையாட்டினார். போனில் தலையாட்டினால் அது சம்மதமா மறுப்பா என்று அந்தப் பக்கம் இருப்பவருக்கு எப்படித் தெரியும்?

உன் அத்தானைத்தான் உனக்குத் தெரியுமே. கல்யாணமானதிலிருந்து ஒன்பது வாடகை வீடு மாறியிருக்கிறோம். ஒவ்வொன்றிலும் ஆணி பிடுங்கி, ஓட்டை அடைத்து, கழுவித் துடைத்து, காலி செய்த அன்றைக்கே சாவியைக் கொடுத்த மனுஷர். அதே மரியாதையைப் பழைய முகவரிக்கும் செய்தார். ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து படம், விலைப்பட்டியல், வாடிக்கையாளர் எழுதின நாலு நல்ல வார்த்தை எல்லாத்தையும் ஒண்ணொண்ணா அழிச்சார். “ஏங்க, அதை ஏன் தொடறீங்க?”ன்னேன். “குடி மாறின பிறகும் பழைய வீட்டைப் பூட்டி வச்சுக்கிட்டா அது அடுத்தவன் வயித்துல அடிக்கிற மாதிரி. உனக்கு அடுப்படில வேலை இல்லையா?” என்றார். இருந்தது. போனேன். அவர் ‘விட்டுக்கொடுக்கிறேன், வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம்’ என்ற பொத்தானை அழுத்திவிட்டு, அன்னதானம் செய்த முகத்தோடு சாப்பிட வந்தார்.

அவர் கை கழுவுவதற்குள் அது பறிபோய்விட்டது. அப்புறம்தான் தெரிகிறது, புதுத் தளத்துக்குள் நுழையும் கடவுச்சொல் பழைய முகவரியின் மின்னஞ்சலுக்குத்தான் வருமாம். பழைய வீட்டையும் கொடுத்தாச்சு, புது வீட்டுச் சாவியும் அதுக்குள்ளேயே மாட்டிக்கிச்சு. இப்போது ஸ்லூமோனிக்ஸைத் திறந்தால் ‘விரைவில் வருகிறோம்’ என்று மட்டும் இருக்கிறது. கம்ப்யூட்டர்காரரோ “நான்தான் அப்பவே சொன்னேனே சார்” என்பதோடு சரி. அதைச் சொல்ல ஒரு கம்ப்யூட்டர்காரர் எதுக்கு, நான் வருஷக்கணக்கா இலவசமா சொல்லிட்டிருக்கேன்.

இதில் பெரிய விஷயம் மகளிர் விடுதி ஆர்டர்தான். வருஷா வருஷம் நூற்று நாற்பது மெத்தை. வார்டனம்மா பழைய முகவரிக்குத்தான் எழுதுவார். நாளை வெள்ளிக்கிழமைக்குள் பதில் போகாவிட்டால் வேறு கடைக்குக் கொடுத்துவிடுவார். அது போனால் பின் அறையில் தைக்கிற நாலு பெண்களுக்கும் மூணு மாசம் வேலை கிடையாது. உன் அத்தான், பழைய முகவரியை எதிர்க்கடைத் தலையணைக்காரர்தான் அமுக்கியிருக்கிறார் என்று தீர்மானித்து, முன்ஜன்னலில் நின்று அவரையே முறைத்துக்கொண்டிருக்கிறார். அந்த மனுஷர் பாவம், சிரித்துக் கையசைத்தார். “பாத்தியா, என்ன நெஞ்சழுத்தம்! உன் தம்பிக்கு எழுதிக் கேளு, அவன்தான் இதுக்கு வழி சொல்லுவான்” என்கிறார். அதனால் எழுதுகிறேன். இனிமேல் எங்கள் வீட்டில் நீ எதற்கும் பெயர் வைக்க வேண்டாம், பூனைக்குக்கூட.

குழந்தைகளுக்கு என் ஆசி. உன்னோடு குடும்பம் நடத்துகிற பொறுமைசாலிக்கு என் தனி அன்பு. ஆண்டவன் உனக்கு நல்ல புத்தியும் நீண்ட ஆயுளும் கொடுக்கட்டும். புத்தி முதலில் வரட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா

பி.கு.: பழைய முகவரியை எடுத்தது நான்தான். அடுப்படிக்குப் போனவள், அடுப்பைத் தணித்து வைத்துவிட்டு, போனிலேயே என் பெயரில் பதிந்துகொண்டேன். வீடியோ பார்த்துப் பழகி, அதற்கு வரும் மின்னஞ்சலையும் என் பக்கம் திருப்பிவிட்டேன். புதுத் தளத்தின் கடவுச்சொல்லும் வந்து என்னிடம் பத்திரமாக இருக்கிறது. வார்டனம்மா திங்கட்கிழமை எழுதினார், அரை மணியில் பதில் போட்டேன், பின் அறையில் தையல் நடந்துகொண்டிருக்கிறது. உன் அத்தான் முன்ஜன்னலை விட்டு நகர்ந்தால்தானே மிஷின் சத்தம் காதில் விழும். “நீ என்னம்மா நினைக்கிற?”ன்னு என்னை ஒரு வார்த்தை கேட்டால் போதும், அந்த நிமிஷமே எல்லாவற்றையும் அவர் கையில் கொடுத்துவிடுவேன். இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது, இன்னும் உன்னைத்தான் கேட்கச் சொல்கிறார். நீ நிதானமாகவே யோசித்துப் பதில் எழுது, அவசரமில்லை.