அப்பாவின் முகத்துக்கு ஒரு ஓட்டு

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் நலம். அப்பாவும் நலம். அவர் அப்பாதான் என்பதை மட்டும் எங்கள் குடியிருப்பின் வாசல் கதவு ஏற்கவில்லை.

கதவில் முகம் பார்க்கும் மெஷின் வைத்திருக்கிறார்கள். சங்கக் கூட்டத்தில் முன்மொழிந்ததே அப்பா. முதலில் பதிந்த முகமும் அவருடையது. மீசையோடு. பிறகு முடிவெட்டுகிறவர் வலப்பக்கம் கொஞ்சம் குறைத்தார், அதைச் சரிசெய்ய இடப்பக்கம், மறுபடி வலப்பக்கம், குரங்கு பங்கு போட்ட கதையாகக் கடைசியில் மீசையே இல்லை. திரும்பி வந்தால் கதவு திறக்கவில்லை. செயலாளரைக் கூப்பிட்டோம்.

"படத்தை மாத்திடலாம் சார். அதுக்கு மொதல்ல மெஷின் உங்களை ஒத்துக்கணும்."

"நான்தான் நான்னு நானே சொல்றேனேய்யா."

"நீங்க சொல்லலாம் சார். அது சொல்லணுமே."

அன்றிலிருந்து என் விருந்தினராக உள்ளே வருகிறார். எட்டு மணியானால் என் போன் பேசும்: உங்கள் விருந்தினர் புறப்படும் நேரம். அம்மா தட்டை எடுத்துக்கொண்டே, "இன்னும் கெளம்பலையா நீங்க?" என்கிறாள். அப்பா சிரிப்பதில்லை. மேல்வீட்டு சங்கீத டீச்சர் கண்ணாடி மாற்றியதால் அவரும் வெளியேதான். கதவருகே இருவரும் சேர்ந்து நிற்பார்கள். "இதை எடுத்ததும் மொதல்ல நீங்கதான் உள்ள போகணும் டீச்சர்" என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்.

ஞாயிறன்று மெஷினை வைப்பதா, எடுப்பதா என்று ஓட்டெடுப்பு. முகத்தை மெஷினிடம் காட்டித்தான் ஓட்டுப் போட வேண்டும். எடு என்பவர்களை அதற்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தவர்களுக்கு அதனால் ஒரு குறையுமில்லை. மீசை வளர்கிறது. ஞாயிறு முந்திக்கொள்ளும் போலிருக்கிறது. தோற்றால் அப்பா சொந்த வீட்டில் விருந்தாளிதான்.

மீசையோடு அப்பாவும் நீங்களும் ஒரே அச்சு. எனவே நீங்கள் வந்து அவராக நின்று ஓட்டுப் போட வேண்டுமாம். கள்ள ஓட்டு இல்லையா என்றேன்.

"என் மூஞ்சி, என் ஓட்டு. ஆள்தான் வேற."

சித்திக்கு என் வணக்கம். வந்து சேரும்வரை மீசையில் யாரையும் கைவைக்க விடாதீர்கள்.

உங்கள் அண்ணன் மகள்

பி.கு.: உறையை ஒட்டும் முன் இது. மீசை முளைத்த அளவு போதும் போல. இன்று காலை கதவு திறந்துவிட்டது. வணக்கம் சொன்னது. அப்பாவும் பதில் வணக்கம் சொன்னார். மெஷின்மேல் தப்பே இல்லையாம். அவரவர் முகத்தை ஒழுங்காக வைத்துக்கொள்ள வேண்டுமாம். டீச்சரிடமும் அதையே சொல்லிவிட்டு உள்ளே வந்தார். ஞாயிறன்று மெஷின் பக்கம்தான் ஓட்டு. நீங்கள் வர வேண்டாம். வந்தே ஆக வேண்டுமென்றால் மீசையை எடுத்துவிட்டு வரச் சொல்கிறார். எட்டு மணிவரை இருக்கலாமாம்.